கருவி இருந்தது, வாசிப்பவர் இருக்கவில்லை: மன்னார்க் கரைக்குப் புவிப்பௌதிகவியல் ஏன் வேண்டும்?

2004 டிசம்பர் 26ஆம் திகதி ஞாயிற்றுக்கிழமை. போயா விடுமுறை தினம். அன்று காலை எமது செய்தி அறைக்கு முதலில் எட்டிய தொலைபேசித் தகவல்கள், கிழக்கில் கடல் பெருக்கெடுத்து ஊருக்குள் புகுந்துவிட்டது என்பதற்கு அப்பால் எதையும் சொல்லவில்லை. ஏன் புகுந்தது, மீண்டும் வருமா, அடுத்து எந்தக் கரையை நோக்கி வரும் என்று கேட்டவர்களுக்கு எம்மிடம் விடை இருக்கவில்லை. 'சுனாமி' என்ற சொல்லையே எம்மிற் பலர் அன்றுதான் முதன்முறையாக எழுதினோம்.

பின்னர் நாம் அறிந்துகொண்ட ஒரு செய்தி இன்றுவரை மனதை உறுத்திக்கொண்டிருக்கிறது. சுமாத்திராவுக்கு அப்பால் கடலடியில் 9.1 அளவிலான அந்தப் பூகம்பம் நிகழ்ந்தபோது, அன்றைய இலங்கை நேரம் காலை 6.58. கிழக்குக் கரையை முதலாவது அலை தொடுவதற்கு ஏறத்தாழ இரண்டு மணித்தியாலம் எடுத்தது. ஆனால் பூகம்பத்தின் அதிர்வு சில நிமிடங்களிலேயே கண்டிக்கு அருகில் பல்லேகலையில் நிறுவப்பட்டிருந்த கருவியை வந்தடைந்துவிட்டது. உலகளாவிய நிலநடுக்கப் பதிவு வலையமைப்பின் ஓர் அங்கமாக 2000ஆம் ஆண்டு முதல் அங்கு இயங்கிவந்த கருவி அது. அது தன் கடமையைச் செய்தது. அது எழுதிய கோடுகளை உடனுக்குடன் வாசித்து மக்களை எச்சரிக்கும் ஏற்பாடுதான் நாட்டில் இருக்கவில்லை. இலங்கையில் 30 ஆயிரத்துக்கும் அதிகமானோர் மாண்டனர். அம்பாறை மாவட்டத்தில் மாத்திரம் தமிழரும் முஸ்லிம்களுமாகப் பத்தாயிரம் பேர் வரையில் பலியாகினர்.

கருவி இருந்தது, வாசிப்பவர் இருக்கவில்லை. புவிப்பௌதிகவியல் என்ற உயர்கல்வித் துறையைப் பற்றி இங்கு நாம் எழுத முற்படுவதற்கு அதுவே காரணம். மன்னார்த் தீவையும் அதனைச் சூழ்ந்த கரையையும் உதாரணமாக எடுத்துக்கொள்வதற்கும் காரணம் உண்டு.

தப்பிய கரை

அன்று மன்னார் பெரும்பாலும் தப்பியது. முல்லைத்தீவும் மருதமுனையும் கல்முனையும் சிதைந்தபோது பேசாலை, தலைமன்னார், எருக்கலம்பிட்டி, சிலாவத்துறை ஆகிய இடங்களில் பேரழிவு ஏற்படவில்லை. இதனால் 'எங்கள் கடல் ஆழமற்ற கடல், இங்கு அலை வராது' என்ற எண்ணம் கரையோர மக்களிடையே வேரூன்றியிருக்கிறது. இவ்வெண்ணத்தில் பாதி உண்மை, பாதி ஆபத்து.

உண்மை எது? அலை கிழக்கிலிருந்து வந்தது. இலங்கைத் தீவே மன்னாருக்கு மறைப்பாக நின்றது. தெற்குமுனையைச் சுற்றி வளைந்து மேற்குக் கரைக்கு வந்த அலைகள் வலுக் குறைந்தே வந்தன. மேலும், சுனாமி அலையின் வேகம் கடலின் ஆழத்தைப் பொறுத்தது. 4 ஆயிரம் மீற்றர் ஆழமுள்ள சமுத்திரத்தில் அது மணிக்கு ஏறத்தாழ 700 கிலோமீற்றர் வேகத்தில், ஓர் ஆகாயவிமானத்தைப் போல விரைகிறது. பத்து மீற்றர் ஆழமுள்ள நீரில் அதன் வேகம் மணிக்கு ஏறத்தாழ 36 கிலோமீற்றராகக் குறைந்துவிடும். பாக்கு நீரிணையும் ஆதாம் பாலத்தின் மணற்றிட்டுகளும் அத்தகைய ஆழமற்ற பரப்புகளே.

ஆபத்து எது? ஆழமற்ற நீரில் அலை வேகம் இழக்கும்போது, பின்னால் வரும் நீர் குவிந்து அதன் உயரம் கூடுகிறது. ஆகவே ஆழமின்மை என்பது எப்போதும் காவல் அல்ல. இன்னொன்றும் உண்டு. ஆதாம் பாலத்துக்கு வடக்கே கடல் ஆழமற்றது. தெற்கே மன்னார் வளைகுடா விரைவாகச் சரிந்து ஆயிரம் மீற்றருக்கும் அதிகமான ஆழத்துக்கு இறங்குகிறது. அந்தச் சரிவில் பழங்காலத்தில் நிகழ்ந்த பாரிய கடலடி மண்சரிவுகளின் தடங்களை ஆய்வாளர்கள் கண்டறிந்துள்ளனர். கிழக்கிலிருந்து வரும் அலைக்கு இலங்கை மறைப்பு. வளைகுடாவுக்குள்ளேயே ஒரு சரிவு நிகழுமாயின் மறைப்பு எதுவுமில்லை. மேற்கிலிருந்து வருவது வேறொரு கணக்கு. பாகிஸ்தானின் மக்ரான் கரைக்கு அப்பால் 1945 நவம்பரில் நிகழ்ந்த 8.1 அளவிலான பூகம்பம் அரபிக்கடலில் சுனாமியை எழுப்பியது. அத்தகைய அலையை இந்தியாவின் தென்முனை எவ்வளவு தடுக்கும், எவ்வளவு வளைந்து வரும் என்பதைக் கடலடியின் ஆழத்தை அளந்து, கணினியில் கணித்துத்தான் சொல்ல முடியும்.

1964 டிசம்பர் 22ஆம் திகதி இரவு தனுஷ்கோடியைக் கடல் விழுங்கியதை மூத்தோர் நினைவுகூர்வர். பாம்பனிலிருந்து சென்ற புகையிரதம் பயணிகளோடு அடித்துச் செல்லப்பட்டது. அது சுனாமி அன்று. சூறாவளி தள்ளிவந்த கடற்பெருக்கு. சூறாவளியை வளிமண்டலவியல் சில நாட்களுக்கு முன்னரே காட்டிக்கொடுக்கிறது. பூகம்பத்தை முன்கூட்டி நாளும் நேரமும் குறித்துச் சொல்லும் வித்தை இன்றுவரை உலகில் எவரிடமும் இல்லை. நிகழ்ந்த கணத்திலிருந்து அலை வரும் வரையிலான இடைவெளியே எமக்குக் கிடைக்கும் அவகாசம். இவ்விரண்டையும் பிரித்தறிவதே முதற்பாடம்.

எமது நிலத்தின் கீழே

'இலங்கையில் பூகம்பம் வராது' என்று நாம் பாடசாலையிற் படித்தோம். இலங்கை புவித்தகடு ஒன்றின் விளிம்பில் அமையாமல் அதன் உட்புறத்தில் அமைந்திருப்பதால் பெரும் பூகம்பங்கள் இங்கு அரிது என்பதே சரியான கூற்று. அரிது என்பது இல்லை என்பதாகாது.

பல கோடி ஆண்டுகளுக்கு முன்னர் கொண்டுவானா என்ற பெருங்கண்டம் உடையத் தொடங்கிய வேளையில், இந்தியாவுக்கும் இலங்கைக்கும் இடையே நிலம் இழுபட்டுப் பிளந்தது. பிளவு முழுமையடையாமல் நின்றுபோயிற்று. முழுமையடைந்திருந்தால் இன்று மன்னாருக்கும் இராமேஸ்வரத்துக்கும் இடையே ஒரு சமுத்திரம் இருந்திருக்கும். நின்றுபோன அந்தப் பள்ளத்தில் ஆறுகளும் கடலும் கொண்டுவந்த அடையல்கள் பல ஆயிரம் மீற்றர் தடிப்பில் படிந்தன. அதுவே மன்னார்ப் படுகை. வடக்கே அதனையடுத்திருப்பது காவேரிப் படுகை. பிளவின்போது உண்டான உடைவுகள் அடையலின் கீழே இன்றும் உள்ளன. பழைய உடைவு, பழைய எலும்பு முறிவைப் போன்றது. அழுத்தம் கூடும்போது அங்குதான் முதலில் வலிக்கும்.

1938 செப்டெம்பர் 10ஆம் திகதி மன்னார் வளைகுடாவில் 6க்குக் கிட்டிய அளவில் ஒரு நிலநடுக்கம் பதிவாகியது. 1993 டிசம்பர் 6ஆம் திகதி 5க்குச் சற்று மேற்பட்ட அளவில் மற்றொன்று பதிவாகியது. 2001 செப்டெம்பர் 25ஆம் திகதி புதுச்சேரிக்கு அப்பால் கடலில் 5.5 அளவிலான நடுக்கம் ஏற்பட்டது. இன்னும் பின்னோக்கிச் சென்றால், 1615 ஏப்ரல் 14ஆம் திகதி கொழும்பில் 200 வீடுகள் இடிந்து 2 ஆயிரம் பேர் மாண்டதாகப் போர்த்துக்கேயக் குறிப்புகள் கூறுகின்றன. எண்ணிக்கை மிகையாக இருக்கலாம். கொழும்பு அதிர்ந்தது என்பதைப் புறக்கணிக்க இயலாது. அண்மையில், 2020 ஆகஸ்ட் 29ஆம் திகதி முதல் கண்டி திகன பகுதியிலும், 2023 பெப்ரவரியில் புத்தள, வெல்லவாய பகுதிகளிலும் சிறு அதிர்வுகள் உணரப்பட்டு மக்கள் அச்சமுற்றனர்.

இலங்கைக்குத் தெற்கே புதிதாக ஒரு தகட்டெல்லை உருவாகிவிட்டது என்ற செய்தி எமது பத்திரிகைகளில் அவ்வப்போது பரபரப்பாக வெளிவருவதுண்டு. அங்கு கூர்மையான எல்லைக்கோடு எதுவும் இல்லை. இந்தியப் பகுதியும் அவுஸ்திரேலியப் பகுதியும் வெவ்வேறு விதமாக நகர்வதால், இந்து சமுத்திரத்தின் அடித்தளம் மிகப் பரந்த ஒரு வலயத்தில் நசுங்கி மடிகிறது. 2012 ஏப்ரல் 11ஆம் திகதி 8.6, 8.2 என்ற அளவுகளில் நிகழ்ந்த இரு பூகம்பங்களும் சுமாத்திராவுக்கு மேற்கே இவ்வகைச் சிதைவினாலேயே உண்டாகின. அன்று கரையோர மக்கள் இடம்பெயர்க்கப்பட்டனர். ஆனால் தகடுகள் பக்கவாட்டில் வழுக்கியதால் கடலடி பெரிதாக மேலெழவில்லை. பெரும் அலையும் வரவில்லை. அளவு ஒன்றை மாத்திரம் பார்த்து ஆபத்தைத் தீர்மானிக்க முடியாது, அசைவின் வகையையும் அறியவேண்டும் என்பதை அந்நாள் உணர்த்தியது.

கோடுகளை வாசித்தல்

நிலநடுக்கம் ஒன்று நிகழ்ந்ததும் அதன் மையத்திலிருந்து இருவகை அலைகள் நிலத்தினூடே பரவுகின்றன. முதலாவது அலை பாறையை நெருக்கியும் தளர்த்தியும் செல்வது. மேலோட்டில் நொடிக்கு ஏறத்தாழ 6 கிலோமீற்றர் வேகமுடையது. இரண்டாவது பாறையைப் பக்கவாட்டில் அசைத்துச் செல்வது. அதன் வேகம் ஏறத்தாழ 3.5 கிலோமீற்றர். மின்னலுக்கும் இடிக்கும் இடைப்பட்ட நேரத்தைக் கொண்டு இடி விழுந்த தூரத்தைக் கணிப்பது போலவே, இவ்விரு அலைகளும் வந்துசேரும் நேர வித்தியாசத்தைக் கொண்டு மையத்தின் தூரத்தைக் கணிக்கலாம். அண்மித்த நடுக்கங்களுக்கு ஒரு நொடி வித்தியாசம் ஏறத்தாழ 8 கிலோமீற்றரைக் குறிக்கும். வித்தியாசம் 20 நொடியாயின் மையம் ஏறத்தாழ 160 கிலோமீற்றர் தொலைவில் உள்ளது.

எந்தத் திசையில்? அதனை உறுதியாகச் சொல்வதற்கு மூன்று நிலையங்களாவது வேண்டும். 2004இல் எம்மிடம் பல்லேகலை மாத்திரமே இருந்தது. அதன் பின்னர் ஜேர்மனியின் உதவியுடன் ஹக்மனவிலும் மகாகனதராவவிலும் நிலையங்கள் நிறுவப்பட்டன. புத்தங்கலவிலும் ஒன்று இயங்குகிறது. புவிச்சரிதவியல் அளவை மற்றும் சுரங்கங்கள் பணியகம் இவற்றைப் பராமரிக்கிறது. நான்கில் ஒன்றேனும் மன்னார் மாவட்டத்தில் இல்லை. மிகவும் அண்மித்த மகாகனதராவ நேர்கோட்டில் ஏறத்தாழ 100 கிலோமீற்றர் தொலைவில் உள்ளது. வளைகுடாவில் ஒரு நடுக்கம் நிகழுமாயின் எமது நான்கு நிலையங்களும் அதற்குக் கிழக்கிலேயே நிற்கும். ஒரு பக்கத்திலிருந்து மாத்திரம் பார்ப்பவனுக்குத் தூரம் மயங்குவது போல, அங்கு மையம் பிசகும். மறுகரையிலுள்ள இந்திய நிலையங்களின் பதிவுகளையும் சேர்த்து வாசிக்கவேண்டியிருப்பது இதனாலேயே.

அளவைக் கணிப்பதும் எளிதன்று. அளவு ஒன்று கூடினால் வெளிப்படும் சக்தி ஏறத்தாழ 32 மடங்காகும். 2004இல் ஹவாயிலிருந்த பசிபிக் எச்சரிக்கை நிலையம் பதினைந்து நிமிடங்களுக்குள் வெளியிட்ட முதற்கணிப்பு 8.0 என்றே இருந்தது. ஏறத்தாழ 1,300 கிலோமீற்றர் நீளத்துக்குப் பாறை கிழிந்துகொண்டிருந்ததை அவசரக் கணிப்பு முறைகளால் அளந்துகொள்ள முடியவில்லை. இன்று ஹைதராபாத்திலுள்ள இந்திய சுனாமி எச்சரிக்கை நிலையம் 2007 முதல் இந்து சமுத்திரத்தைக் கண்காணித்துவருகிறது. இலங்கையில் 2005ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க அனர்த்த முகாமைத்துவச் சட்டம் நடைமுறையில் உள்ளது. ஆயினும் வெளியிலிருந்து வரும் எச்சரிக்கையை எமது கரைக்கு ஏற்ப வாசிக்கும் பொறுப்பு எம்முடையதே.

பேசாலையில் ஒரு பாடம்

புவிப்பௌதிகவியல் பூகம்பத்தோடு முடிந்துவிடுவதில்லை. பௌதிகவியலின் விதிகளைக் கொண்டு, தோண்டாமலே நிலத்தின் உள்ளே பார்ப்பதுதான் அத்துறை. ஈர்ப்பு, காந்தம், மின்தடை, அதிர்வலை ஆகியன அதன் கண்கள். இலங்கைக்குத் தெற்கே இந்து சமுத்திரத்தில் ஈர்ப்பு விசை குறைந்திருப்பதால் கடல்மட்டம் நூறு மீற்றருக்கும் அதிகமாகத் தாழ்ந்துள்ளது. உலகின் மிகப்பெரிய ஈர்ப்புத் தாழ்வு அது. அதன் காரணத்தைப் பூமியின் ஆழத்தில் தேடி, பெங்களூரின் இந்திய விஞ்ஞானக் கழக ஆய்வாளர்கள் 2023இல் ஒரு விளக்கத்தை வெளியிட்டனர்.

மன்னார் இக்கண்களை முன்னரே கண்டிருக்கிறது. 1970களில் சோவியத் ஒன்றியத்தின் உதவியுடன் மன்னார்த் தீவில் அதிர்வலை ஆய்வு நடத்தப்பட்டு, பேசாலையில் எண்ணெய் தேடி மூன்று துளைகள் இடப்பட்டன. பிற்காலத்தில் கப்பல்கள் வளைகுடாவில் ஒலியலைகளைச் செலுத்தி, அடித்தளத்திலிருந்து திரும்பிய எதிரொலிகளைப் பதிந்தன. 2011இல் கெயார்ன் லங்கா நிறுவனம் டொராடோ, பராகுடா என்று பெயரிட்ட இரு துளைகளில் இயற்கை வாயுவைக் கண்டது. 2015இல் அந்நிறுவனம் விலகியது. வாயு இன்றுவரை வணிக ரீதியில் எடுக்கப்படவில்லை. சோவியத், அமெரிக்க, நோர்வே, இந்திய நிபுணர்கள் எமது கரையின் அடிவயிற்றைப் படம்பிடித்துப் பார்த்துவிட்டனர். அக்கரையில் பிறந்தோருள் அப்படங்களை வாசிக்கக்கூடியவர் எத்தனை பேர்?

எண்ணெயை விட அவசரமானது தண்ணீர். மன்னார்த் தீவின் மணலுக்குக் கீழே மழைநீர் ஒரு வில்லையைப் போல உப்புநீரின்மேல் மிதந்து நிற்கிறது. அடிப்படைக் கணக்கு இதுதான்: கடல்மட்டத்துக்கு மேல் நன்னீர் ஓர் அடி நின்றால், கீழே ஏறத்தாழ நாற்பது அடி வரை நன்னீர் இருக்கும். மாறாக, மேலே ஓர் அடி குறைந்தால், கீழிருந்து உப்புநீர் காலப்போக்கில் நாற்பது அடி ஏறிவரும். கனிம மணல் அகழ்வு, காற்றாலைகள் ஆகியவை குறித்து அண்மைய ஆண்டுகளில் தீவில் பெரும் சர்ச்சை எழுந்துள்ளது. எந்தப் பக்கம் சரி என்று தீர்ப்பளிப்பது எமது நோக்கமன்று. ஆனால் நன்னீர் எங்கு, எவ்வளவு உள்ளது என்பதை மின்தடை அளவையால் வரைபடமாக்க முடியும். அந்த வரைபடம் மக்கள் கையில் இருந்தால் கூட்டங்களில் அவர்களின் சொல்லுக்கு எடை கூடும். இல்லையேல் நிறுவனம் கொண்டுவரும் அறிக்கையை நம்புவதா, மறுப்பதா என்ற இரண்டே வழிகள்தான் எஞ்சும்.

யார் படிக்கலாம், எங்கே படிக்கலாம்?

இத்துறைக்குப் புவிச்சரிதவியல் பட்டம் பெற்றவரே வரவேண்டும் என்பது தவறான எண்ணம். பௌதிகவியல், கணிதம், பொறியியல் பட்டதாரிகளும் முதுமாணிக் கல்வியில் இதனுள் நுழையலாம். உண்மையில் உலகின் பல நிலநடுக்கவியலாளர்கள் பௌதிகவியலிலிருந்தே வந்தவர்கள். அலைச் சமன்பாடுகள், புள்ளியியல், கணினி நிரலாக்கம், பாறைகளின் இயல்பு, கள அளவை ஆகியன முதுமாணி மாணவர் கற்கும் பிரதான பகுதிகள்.

இலங்கையில் பேராதனைப் பல்கலைக்கழகத்தின் புவிச்சரிதவியல் துறையும், அங்குள்ள பட்டப்பின் விஞ்ஞான நிறுவகமும், மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தின் புவிவளப் பொறியியல் துறையும் இத்துறைக்கான வாயில்கள். இந்தியாவில் பனாரஸ் இந்துப் பல்கலைக்கழகம், ஆந்திர மற்றும் உஸ்மானியாப் பல்கலைக்கழகங்கள், கரக்பூர், ரூர்க்கி, தன்பாத் தொழினுட்பக் கழகங்கள் ஆகியன பெயர்பெற்றவை. ஹைதராபாத்தின் தேசிய புவிப்பௌதிக ஆய்வு நிறுவனம் 1961 முதல் இயங்குகிறது. ஜப்பானின் சுக்குபா நகரிலுள்ள சர்வதேச நிலநடுக்கவியல் நிறுவகம் வளர்முக நாடுகளின் அரச உத்தியோகத்தர்களுக்கு ஓராண்டுப் பயிற்சியை முதுமாணிப் பட்டத்துடன் வழங்குகிறது. இத்தாலியின் திரியெஸ்த் நகரில், நோபல் பரிசு பெற்ற பாகிஸ்தானிய விஞ்ஞானி அப்துஸ் சலாம் 1964இல் நிறுவிய சர்வதேச மையம், புவித்தொகுதிப் பௌதிகவியலில் உதவித்தொகையுடன் கூடிய டிப்ளோமாப் பயிற்சியை நடத்துகிறது. ஏழை நாடுகளின் இளம் விஞ்ஞானிகளுக்காகவே அவர் அதனை உருவாக்கினார்.

வெளிநாடு செல்லாமலும் தொடங்கலாம். பல்லேகலை நிலையத்தின் பதிவுகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. அவற்றை ஆராயும் மென்பொருளும் இலவசமே. யாழ்ப்பாணத்திலோ, 2021இல் தனிப் பல்கலைக்கழகமான வவுனியாவிலோ, தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பிரயோக விஞ்ஞான பீடத்திலோ பயிலும் பௌதிகவியல் மாணவர் ஒருவர், 2004 டிசம்பர் 26ஆம் திகதியின் அக்கோடுகளைத் தமது கணினியில் இன்றே திறந்து பார்க்கலாம்.

எம்மைப் போன்ற கலைப்பட்டதாரிகளுக்கும் இதில் வேலை உண்டு. கருவிகள் தோன்றுவதற்கு முந்திய பூகம்பங்களை அறிய ஏடுகளே சாட்சி. எகிப்திய அறிஞர் ஜலாலுத்தீன் சுயூத்தி பதினைந்தாம் நூற்றாண்டில் தமக்கு முந்திய நூல்களிலிருந்து பூகம்பச் செய்திகளை ஆண்டுவாரியாகத் தொகுத்தார். அரபு வரலாற்று நூல்களைத் துணைகொண்டே எகிப்து, அரேபியா பகுதிகளின் பூகம்ப வரலாற்றை இன்றைய ஆய்வாளர்கள் எழுதியுள்ளனர். போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், ஆங்கிலேயர் என மூவரும் மன்னார்க் கோட்டையிலிருந்து ஆண்டனர். அவர்களது ஆவணங்களிலும், தேவாலயப் பதிவேடுகளிலும், பள்ளிவாசல்களிலும் குடும்பங்களிலும் பேணப்படும் அரபுத்தமிழ் ஏடுகளிலும், கோயில் ஓலைகளிலும் நிலம் அதிர்ந்த நாளொன்றின் குறிப்பு உறங்கிக்கொண்டிருக்கலாம். அதனைத் தேடித் தேதியிட மொழி தெரிந்தவர் வேண்டும்.

தடை எங்கே?

தடை பல்கலைக்கழகத்தில் இல்லை, அதற்கு முன்னரே இருக்கிறது. 1990 ஒக்டோபரில் மன்னார் முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டனர். தமிழர்கள் 2009 வரையில் மீண்டும் மீண்டும் இடம்பெயர்ந்தனர். ஒரு தலைமுறையின் பள்ளிப்பருவம் புத்தளத்தின் முகாம்களிலும் வன்னியின் மரநிழல்களிலும் கழிந்தது. அந்த இழப்பின் நிழல் இன்னும் நீங்கவில்லை. கிராமப்புறப் பாடசாலைகளில் இணைந்த கணிதத்துக்கும் பௌதிகவியலுக்கும் ஆசிரியர் கிடைப்பது அரிதாகவே உள்ளது. உயர்தரத்தில் அப்பாடங்களைப் படிக்க வாய்ப்பற்ற பிள்ளைக்குத் திரியெஸ்த்தும் சுக்குபாவும் வெறும் பெயர்கள்.

ஆகவே நாம் வேண்டுவது பெரிய திட்டங்களை அல்ல. மன்னார்க் கல்வி வலயத்தில் இவ்விரு பாடங்களுக்கும் நிலையான ஆசிரியர்கள். வளைகுடாவின் கரையில் ஒரு நிலநடுக்கப் பதிவு நிலையம். அதனை மாணவர் சென்று பார்க்கவும் அதன் கோடுகளை வாசிக்கவும் அனுமதி. ஆண்டுதோறும் இப்பகுதிப் பட்டதாரி ஒருவருக்கேனும் இத்துறையில் முதுமாணிக் கல்விக்கான புலமைப்பரிசில். அரசினால் இயலாவிடின், புலம்பெயர்ந்த உறவுகளும் எமது வணிகப் பெருமக்களும் கடைசியாகச் சொன்னதையாவது செய்ய முடியும்.

அரிப்பில் ஆங்கிலேய ஆளுநர் நோர்த் கட்டிய மாளிகையைக் கடல் சிறிது சிறிதாகத் தின்றுகொண்டிருப்பதை அவ்வழியே செல்வோர் காண்பர். கடல் தன் போக்கை மறைப்பதில்லை. நிலமும் அவ்வாறே எழுதிக்கொண்டுதான் இருக்கிறது. 2004இல் அது எழுதியதை வாசிக்க எம்மிடம் ஆள் இருக்கவில்லை. அடுத்த முறை பேசாலையிலோ எருக்கலம்பிட்டியிலோ முருங்கனிலோ பிறந்த பிள்ளை ஒன்று அக்கோடுகளின் முன் அமர்ந்திருக்கவேண்டும். கிடைக்கும் அவகாசம் இரண்டு மணித்தியாலமாக இருக்கலாம், அதனினும் குறைவாகவும் இருக்கலாம். ஆனால் அப்பிள்ளையை உருவாக்குவதற்கு இருபது ஆண்டுகள் வேண்டும்.